முன்சக்கரத்து டைப் மிஷின்

தேவநாதனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எதில் நிற்கிறது, எதில் மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். எண்பத்து மூன்றில் அவனுக்குக் கல்யாணம் ஆனபோது, பெண் வீட்டுச் சீரில் குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் பக்கத்தில் ஒரு டைப் மிஷினும் இருந்தது. மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு அதன் அடியில் தலையை விட்டு, எந்தக் கம்பி எந்த எழுத்தைத் தூக்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தான். ஐயர் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. பெண் அம்சாவுக்கு அப்போதே ஆளைப் பிடித்துப்போயிற்று.

அம்சாவின் அப்பா அப்பாதுரை, திண்டிவனம் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து மனு டைப் அடித்துக் கொடுத்தவர். கண் மங்கியதும் மிஷினைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அதில்தான் அவள் கை பழகியது. திண்டிவனத்து இன்ஸ்டிடியூட் ஒன்றில் சேர்ந்து தமிழ் லோயர் பாஸ் செய்திருந்தாள். ஹையரும் பாஸ் செய்துவிட்டால் சர்க்கார் ஆபீசில் வேலைக்கு எழுதிப் போடலாம். முண்டியம்பாக்கத்துக்குக் கிழக்கே உள்ளடங்கிய ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அவள் அந்த ஆசையை விடவில்லை. மத்தியான வேளையில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள் என்றால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

மாமியார் வீரம்மாளுக்கு அந்தச் சத்தம் ஆகாது. தூக்கம் போகிறது, கோழி முட்டை வைக்க மாட்டேன் என்கிறது என்று தினமும் ஒரு புகார். போன ஆடியில் அம்சா ஹையர் எழுதித் தவறிப்போனதும் அந்தம்மாளுக்குப் பேச இடம் கிடைத்துவிட்டது. "இன்னும் ஒரு வாட்டி எழுதட்டும். அப்பவும் வர்லன்னா மிஷின திண்டிவனத்துக்கே அனுப்பிடணும். வெதை மல்லாட்டை வெக்கவே எடத்தக் காணோம்" என்று மகனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். மிஷின் போய்விட்டால் அம்சாவின் பரீட்சையும் அதோடு போயிற்று.

அவள் தவறியதில் தேவநாதனுக்கும் பங்கு இருந்தது. அந்தப் பரீட்சைக்கு மிஷினை எழுதுகிறவர்களேதான் கொண்டுபோக வேண்டும். சென்டர் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடம். இன்ஸ்டிடியூட்காரர்கள் திண்டிவனத்திலிருந்து தங்கள் மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஆனால் அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அப்பாவின் மிஷினில் பூப்போல அமுங்குகிற எழுத்துக்கட்டை, அங்கே இடித்தால்தான் அமுங்கும். அதனால் சொந்த மிஷினோடு பஸ்ஸில் போகலாம் என்று சொன்னவன் தேவநாதன். மிஷினைப் பார்த்ததும் பஸ்கள் நிற்காமல் போயின. கடைசியில் நின்ற ஒரு பஸ்ஸின் கண்டக்டர் அதைக் காலால் தள்ளிப் பின் சீட்டுக்கு அடியில் செருகினார். ஹாலில் போய் உட்கார்ந்தால், ஒவ்வொரு வரியிலும் மிஷின் ஓர் எழுத்து பின்வாங்கியது. அம்சா அதற்காக அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

இப்போது மாசி மாதப் பரீட்சை. பஸ் பேச்சே கிடையாது. வீட்டு மாட்டு வண்டி கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறது. தேவநாதனின் அப்பா சின்னதுரை வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கிடக்கிறார். மிச்சம் இருப்பது அவன் சைக்கிள். கறுப்பு நிறம், கம்பி பிரேக்கு, மூட்டை தூக்கிப் பழகிய வண்டி. பின் கேரியரில் அம்சா உட்கார்ந்துவிட்டால் மிஷினுக்கு இடம் எங்கே? மிஷினைப் பின்னால் கட்டிவிட்டு அவளை முன் பாரில் உட்கார வைக்கலாம் என்று அவன் ஒரு யோசனை சொன்னான். உங்களுக்குப் புத்தி நிதானத்தில்தான் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். கட்டின பெண்டாட்டியை முன் பாரில் வைத்துக்கொண்டு ஒருவன் ஆலை வழியாகப் போனால், கரும்பு வண்டிக்காரர்களுக்கு அந்த சீசன் முழுக்க வேறு பேச்சு இருக்காது.

ஆக, மிஷின் முன்னால்தான் போக வேண்டும். முன்னால் கேரியர் வைத்த சைக்கிளை அவர்கள் இருவருமே பார்த்ததில்லை. தேவநாதன் சைக்கிளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். பின்பக்கம் எதை மாட்டுவதற்கும் ஓட்டை இருக்கிறது, காது இருக்கிறது. முன்பக்கம் இரண்டு வழவழப்பான கால்கள் இறங்கி அச்சில் முடிகின்றன, அவ்வளவுதான். ஒரு போல்ட்டு போட ஓட்டை கிடையாது. இந்த வண்டியைச் செய்தவனுக்கு முன்னால் ஒரு பொருளை வைக்கலாம் என்றே தோன்றவில்லையா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு ஆச்சரியம்தான் வரும்.

முதல் யோசனை ஹேண்டில்பாரில் ஒரு பலகையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவது. மிஷின் கனத்துக்கு மல்லாட்டை அளந்து ஒரு சாக்கில் கட்டினான். ஒரு கையில் சாக்கு, ஒரு கையில் மிஷின் என்று தூக்கிப் பார்த்து, போதாதற்கு இரண்டு கைப்பிடி சேர்த்தான். சாக்கைப் பலகையில் வைத்ததும் கயிறு பிரேக் கம்பியை அழுத்தியது. கம்பி பிரேக்கு ஆயிற்றே. கம்பியை அழுத்தினால் கட்டை சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வண்டி இருந்த இடத்தை விட்டு நகர மறுத்தது. வாசலில் நின்ற வீரம்மாள், மாடுகூட இதைவிடச் சொன்ன பேச்சு கேட்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அம்சா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாக்கை இறக்கினாள்.

அடுத்து முண்டியம்பாக்கம் ரோட்டோரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த தொம்மையிடம் போனான். தொம்மை அவனோடு படித்தவன். ஏசு படத்துக்குக் கீழே எப்போதும் ஒரு கலப்பை பிரிந்து கிடக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. இரண்டு கால்களையும் கவ்விப் பிடிக்கிற மாதிரி பட்டை இரும்பை வளைத்து, கிளாம்பு செய்து, அதன்மேல் பலகைக்குச் சட்டம் வைத்தார்கள். பட்டறை வாசலில் நிற்கும்போது ராஜா மாதிரி இருந்தது. சாக்கை வைத்துக்கொண்டு ரயில்வே கேட்டு வரை போய்த் திரும்புவதற்குள் கிளாம்பு மெல்ல மெல்ல வழுக்கி, பலகை மட்காட்டின் மேல் போய்ப் படுத்துவிட்டது. முன் கால்கள் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருக்கின்றன. இறங்க இறங்க கிளாம்பு தொளதொளத்துவிடுகிறது. எவ்வளவு முறுக்கினாலும் அது கீழேதான் போகும். தொம்மை பட்டைக்குள் ட்யூப் துண்டு வைத்துப் பார்த்தான். கொஞ்சம் மெதுவாக வழுக்கியது.

பட்டறையிலேயே வைத்து உருக்கி ஒட்டிவிடலாமா என்று தொம்மை கேட்டான். முன் கால் குழாய் மெல்லிசு, சூடு பட்டால் முறிந்துவிடும் என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். பின்னால் உட்காரப்போவது அம்சா என்பது நினைவுக்கு வந்ததும் தேவநாதன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

விடை கிடைத்தது ஆலை வாசலில். அப்பாவுக்குக் கேப்பைக் கூழ் எடுத்துப் போனவன், அவர் குடிக்கிற வரைக்கும் சும்மா இருக்காமல் கரும்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எத்தனையோ வருஷமாக ஏறி இறங்குகிற வண்டிதான். இரண்டு பக்கமும் நட்டிருக்கிற முளைக்குச்சிகளை அசைத்துப் பார்த்தான்; லொடலொடவென்று ஆடின. அவ்வளவு கரும்பையும் இந்த லொடலொடா குச்சிகளா தாங்குகின்றன? இல்லை. கனம் முழுக்க அச்சில் இறங்குகிறது. குச்சிகள் கரும்பு சரியாமல் பார்த்துக்கொள்கின்றன, அவ்வளவுதான் அவற்றின் வேலை. அவன் இவ்வளவு நாள் கிளாம்பைக் கனம் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா கூழ் குடித்து முடித்துத் தூக்குவாளியை நீட்டும்போது மகனைக் காணோம். பட்டறைக்கு ஓடிவிட்டிருந்தான்.

அச்சிலிருந்து இரண்டு பக்கமும் பட்டை இரும்பு எழும்பிப் பலகையைத் தாங்க வேண்டும். மேலே கிளாம்பு சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். அதிலும் ஒரு வில்லங்கம் வந்தது. முன் அச்சு குட்டை. பட்டையை மாட்டிய பிறகு நட்டு பிடிக்க ஒன்றிரண்டு மரைதான் கிடைத்தது. இரண்டு பேரும் டீ வாங்கி வந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அம்சாவும் கூட வந்திருந்தாள். அச்சில் ஏற்கனவே மாட்டியிருந்த மெல்லிய கம்பியைக் காட்டி இது என்னத்துக்கு என்று கேட்டாள். மட்காடு ஆடாமல் இருப்பதற்கு என்றான் தொம்மை. அந்த மட்காட்டைக் கேரியர் பலகையிலேயே கட்டிவிட்டால் இந்தக் கம்பி இங்கே எதற்கு என்றாள். தொம்மை டீயைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். கம்பி போன இடத்தில் பட்டை உட்கார்ந்தது, நட்டுக்கும் மரை கிடைத்தது.

பிரேக் கம்பிக்கு வழிவிட்டுச் சட்டத்தை ஒரு விரல்கடை முன்னே தள்ளினார்கள். ஹெட்லைட்டைக் கழற்றினார்கள். சாக்கை முன்னால் வைத்து, அம்சாவைப் பின்னால் உட்கார வைத்து, தேவநாதன் மெயின் ரோடு வரை ஓட்டிப் பார்த்தான். முன்பக்கம் கனமாக இருந்தாலும் வண்டி நேர்பிடித்துப் போயிற்று. நிற்கும்போதுதான் பேஜாரு; ஸ்டாண்டு போட்டதும் முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் திரும்பி, பாரம் சாய்ந்து, வண்டியைக் கவிழ்க்கப் பார்த்தது. அந்த நேரத்தில் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தார்கள். அதுதான் இரண்டு பேர் இருக்கிறோமே என்றாள் அம்சா.

பரீட்சைக்கு முதல் நாள் பொழுது சாய்கிற வரைக்கும் அவள் தட்டிப் பழகினாள். பிறகு மிஷின் அவன் கைக்கு வந்தது. கயிறு போட்டுக் கட்டினால் கயிறு மேலே ஓடுகிற உருளையை அழுத்தும் என்று அவள் பயந்தாள். மிஷினைக் கவிழ்த்துப் பார்த்ததில் அவனுக்கு வழி தெரிந்தது. நான்கு மூலையிலும் ரப்பர் கால்கள். கழற்றினால் நான்கு ஓட்டைகள். சைக்கிளுக்கு இல்லாத ஓட்டைகள் மிஷினுக்கு இருந்தன. அவற்றில் போல்ட்டு விட்டுப் பலகையோடு இறுக்கினான். பின்பக்கம்தான் கனம் என்பதால் அதை ஹேண்டில்பாரை ஒட்டி வைத்து, எழுத்துக்கட்டைகள் ரோட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டினான். அச்சு, கிளாம்பு, பலகை, மிஷின் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கி, சுத்தியால் ஆங்காங்கே தட்டி வேலையை முடித்தான். பிடித்து உலுக்கினால் சைக்கிளே குலுங்கியதே தவிர மிஷின் அசையவில்லை. அன்றைக்கு அவன் நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பியபோது கரும்பு வண்டிக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். குண்டும் குழியுமான இடங்களில் மிஷினின் மணி தானாக ஒலித்தது. எதிரே வந்த ஆடுகள் ஒதுங்கின. அம்சா உருளை நகராதபடி இருபுறமும் நெருக்கிப் பூட்டியிருந்தாள். பின்னால் உட்கார்ந்து, மிஷின் ஆடுகிறதா என்று அவன் தோள் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆடவில்லை. மெயின் ரோட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி, விழுப்புரம் பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது முதல் பேட்ச் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. தேவநாதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தான்.

நட்டு திரும்பவில்லை. இன்னொன்றைப் பார்த்தான், அதுவும் அப்படியே. குனிந்து அடியில் பார்த்தான். நட்டைத் தாண்டி நீண்டிருந்த போல்ட்டு முனைகள் எல்லாம் சுத்தியடி பட்டுக் காளான் மாதிரி மழுங்கியிருந்தன. கிணற்று மோட்டாருக்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். இல்லாவிட்டால் அதிர்வில் நட்டு கழன்றுவிடும், கழலாததைத் திருடன் கழற்றிவிடுவான். முனையை அடித்து மழுக்கிவிட்டால் அப்புறம் ஆக்சா பிளேடு போட்டு அறுத்தால்தான் உண்டு. அவன் கை அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. மிஷினுக்கு மட்டுமா? பலகைக்கு, கிளாம்புக்கு, அச்சுக்கு, ஒன்றையும் விடவில்லை. மிஷினும் சைக்கிளும் இப்போது ஒரே பொருள்.

பக்கத்துச் சைக்கிள் கடை பூட்டியிருந்தது. ஆக்சா பிளேடு கேட்டு இரண்டு தெரு ஓடிவிட்டுத் திரும்பியவன் அம்சாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்து நின்றான். "நான் கெடுத்துட்டேன் அம்சா. போன வாட்டியும் நான்தான், இந்த வாட்டியும் நான்தான்" என்றான்.

அவள் சைக்கிளுக்கு முன்னால் போய்க் குந்தினாள். பிறகு எழுந்து நின்று, மிஷின்மேல் இரண்டு கையையும் வைத்துப் பார்த்தாள். அவன் வழக்கமாகப் பார்க்கிற பார்வையை அப்போது அவள் பார்த்தாள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் காலை வைத்து உட்கார்ந்தாள். எழுத்துக்கட்டைகள் அவளைப் பார்த்து இருந்தன. உயரம் மேஜையைவிட ஒரு சாண்கூட அதிகமில்லை.

"ஸ்டூலுக்கு மேல எதுனா மடிச்சிப் போட்டா சரியா இருக்கும்" என்றாள். "சைக்கிள உள்ள எடுத்துக்கினு வாங்க."

ஹால் சூப்பரிண்டெண்ட் சவுரிராயன் அந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சிரித்துப் பழகாத முகம். வாசற்படியில் சைக்கிளைப் பார்த்ததும் சைக்கிள் ஸ்டாண்டு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். அம்சா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குனிந்து மழுங்கிய முனைகளைப் பார்த்தார், தேவநாதனையும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தலையில் வைத்து மிஷின் கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தள்ளுவண்டியில் கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாய் எடுத்தார்.

"சார், மிஷின எங்களத்தான் கொண்டாரச் சொல்றீங்க. கொண்டாந்துட்டேன்" என்றாள் அம்சா. "அத மேஜ மேல வெச்சி அடிச்சா இன்னா, சைக்கிள் மேல வெச்சி அடிச்சா இன்னா? பேப்பர்ல எழுத்து ஒண்ணாத்தானே வுழும். எனக்கு இது கடைசி வாட்டி சார்."

சவுரிராயன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "பரீட்சை எழுதாத ஆள் ஹாலுக்குள்ள இருக்கக் கூடாது. அது ரூல்" என்றார் கடைசியில். "சைக்கிள் இருக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. கடைசி வரிசைல, ஜன்னல் ஓரமா நிறுத்துங்க. நிறுத்திட்டு நீங்க வெளிய போயிடணும்."

அங்கேதான் அடுத்த சங்கடம் காத்திருந்தது. ஸ்டாண்டு போட்டதும் முன்சக்கரம் வழக்கம்போல் திரும்பப் பார்த்தது. ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டியவனோ வெளியே போக வேண்டியவன். அதுமட்டுமா, ஒவ்வொரு வரி முடிவிலும் அம்சா உருளையைத் தள்ளுவாள். தள்ளுகிற வேகம் முழுக்கச் சக்கரத்தைத்தான் திருப்பும். தேவநாதன் இரண்டு பெஞ்சுகளை இழுத்து வந்து சக்கரத்தை நடுவில் வைத்து நெருக்கினான். அசைத்துப் பார்த்தான், நின்றது. ஸ்டூலின் மேல் தன் துண்டை மடித்துப் போட்டான். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்சா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருபுறம் பூட்டியிருந்ததைத் தளர்த்தி, காகிதத்தைச் செருகி, வினாத்தாளைப் பக்கத்துப் பெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டாள். அவன் வெளியே போனான்.

பிறகு மணி அடித்தது. இருக்கிற மிஷின்களெல்லாம் ஒரே நேரத்தில் ஆரம்பித்ததில், ஓட்டுக் கூரைமேல் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி ஹால் அதிர்ந்தது. தேவநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்சாவின் கண் வினாத்தாளை விட்டு நகரவில்லை. டைப் அடிக்கிறவர்கள் மிஷினையோ எதிரில் இருப்பதையோ பார்க்க மாட்டார்கள், பார்த்தால் வேகம் போய்விடும். விரல்கள் மட்டும் தன் போக்கில் ஓடின. வரி முடிந்தது, மணி ஒலித்தது, உருளையைத் தள்ளினாள். சைக்கிள் ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டு நின்றது. அவன் மூச்சு விட்டான்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அவன் அதைப் பார்த்தான். சிமெண்டுத் தரை வழவழப்பு. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு பெஞ்சு நூலளவு விலகிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கும் பெஞ்சுக்கும் இடையில் முதலில் வெளிச்சம் தெரிந்தது, அப்புறம் விரல் நுழைகிற சந்து. உருளையைத் தள்ளும்போதெல்லாம் மிஷின் ஒரு பக்கம் திரும்பிவிட்டு வந்தது. அம்சாவின் விரல்கள் தடுமாறத் தொடங்கின. ஓர் இடத்தில் நின்றுவிட்டு மறுபடி பிடித்தன. அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதை அவன் பார்த்தான். உள்ளே குதித்துவிடலாம், ஆனால் குதித்தால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். பெற்ற தாய் செத்தால்கூட அழமாட்டேன் என்று நினைத்திருந்தவனுக்கு அங்கே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சவுரிராயன் மேஜையிலிருந்து எழுந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பார்த்தபடி, கடைசி வரிசைக்கு வந்தார். சைக்கிளைப் பார்த்தார். போச்சு, நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று தேவநாதன் நினைத்தான். அவர் சைக்கிளின் சீட்டுப் பக்கம் போய் நின்றார். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தார். முகத்தை முன்வரிசைப் பக்கம் திருப்பி, கண்காணிக்கிற பாவனையில் அப்படியே நின்றுவிட்டார்.

உருளை போயிற்று, மணி ஒலித்தது, அம்சா தள்ளினாள். மிஷின் அசையவில்லை. இன்னொரு வரி. அதற்கடுத்த வரி. விரல்கள் பழைய ஓட்டத்துக்கு வந்தன, பிறகு அதையும் தாண்டின. அத்தனை மிஷின் சத்தத்தில் தேவநாதன் அவள் சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பார்த்தான், முடியவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடிக்கிற வரைக்கும் அந்தக் கணக்கு வாத்தியார் கையை எடுக்கவில்லை. அடித்ததும், அவள் தலை நிமிர்வதற்குள், எதுவும் நடக்காத மாதிரி முன்னால் போய்த் தாள்களை வாங்க ஆரம்பித்தார். அடுத்த பேப்பருக்கு முன்பே பியூனை விட்டுப் பெஞ்சுகளை இன்னும் இரண்டு பெஞ்சு போட்டு நெருக்கச் சொன்னார்.

எல்லாம் முடிந்து தாழ்வாரத்துக்கு வந்தபோது அம்சாவின் முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. "நடுவுல பயந்துட்டேங்க. அப்புறம் நீங்க வந்து புடிச்சிக்கினீங்க பாருங்க, அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தோணல. எப்படி வுட்டாரு உங்கள?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. "நான் இல்ல அம்சா. நான் வெளியதான் நின்னுக்கினு இருந்தேன். அந்த சாருதான் புடிச்சாரு" என்றான்.

அவள் ஹாலுக்குள் திரும்பிப் பார்த்தாள். சவுரிராயன் தாள்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். போய் நின்று நன்றி சொன்னார்கள். சைக்கிள் விழுந்தால் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு உடையும், அதற்காகத்தான் பிடித்தேன் என்று அவர் தலையைத் தூக்காமல் சொன்னார். வெளியே சைக்கிள் கடை திறந்திருந்தது. ஆக்சா பிளேடு கிடைத்தும் அவர்கள் அறுக்கவில்லை. எப்படியும் அதே வண்டியில் அப்படியேதானே ஊருக்குப் போக வேண்டும்.

கட்டியதும் சொதப்பல், பிடித்ததும் வேறு ஆள், நாம் இதில் என்ன செய்தோம் என்று வழியெல்லாம் தேவநாதன் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. வீட்டில் வீரம்மாள் விதை மல்லாட்டைக்கு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். தொம்மை வந்து போல்ட்டுகளை அறுத்துக் கொடுத்தான். மிஷின் மூட்டைகளுக்கு நடுவில் துணி போர்த்திக் கிடந்தது. ரிசல்ட்டு வருகிற வரைக்கும் அம்சா அதைத் தொடவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் தேவநாதன் கிணற்றுக்குள் இறங்கி, மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மேலிருந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கட்டினவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாதவள் கூப்பிடுகிறாள் என்றதும் பதறிக்கொண்டு படி ஏறினான். அம்சா திண்டிவனம் போய் இன்ஸ்டிடியூட்டில் பார்த்துவிட்டு, பஸ் இறங்கிய கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல், வரப்புமேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. பாஸ் என்று சொல்லவே அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"நாளைக்கே விழுப்புரம் போவலாம். அந்த சாருக்குத்தான் மொதல்ல சொல்லணும்" என்றான்.

"அவருக்குச் சொல்லலாம்" என்றாள் அம்சா. "புடிச்சவருக்கு நாளைக்குச் சொல்லிக்கலாங்க. கட்டினவருக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு ஓடியாந்தேன்."

தேவநாதன் கையெல்லாம் கிரீஸாக நின்றான். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.